பம்பிங் 35: திண்ணையிலேயே உட்கார வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பாபநாசம் பக்கத்தில் விவசாயம். இதயம் பலவீனமாக இருக்கிறது, எக்கோவில் பம்பிங் 35 சதவீதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. லேசாக உடற்பயிற்சி செய்யலாம் என்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டு மாமா மூச்சை அடக்கும் பிராணாயாமம் சொல்லித்தருகிறேன் என்கிறார். தம்பி செல்போனில் தாய் சி (மெல்ல அசைந்து செய்யும் சீனப் பயிற்சி) வீடியோ காட்டுகிறான். அம்மா திண்ணையை விட்டு இறங்க விடமாட்டேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: சகோதரிக்கு, முதலில் அந்த 35. நூற்றுக்கு 35 மார்க் என்று நினைத்து வீடே கலங்கியிருக்கும். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். அப்பாவுக்குக் குறைவுதான், கவனமும் தேவைதான், ஆனால் நூற்றுக்கு 35 என்று கலங்க வேண்டாம்.

மூவரில் தம்பி சொல்வதுதான் கிட்டே வருகிறது. அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும். பிறகு கொல்லைப்புறம் போய்வந்தாலே மூச்சு வாங்கும். பழி மட்டும் இதயத்தின் மேல் விழும். தாய் சி பற்றி ஒரு விஷயம். 2011இல் அமெரிக்காவில் இதயம் பலவீனமான 100 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேர் 12 வாரம் தாய் சி செய்தார்கள். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் பெரிதாகக் கூடவில்லை. அன்றாட வாழ்க்கை இலகுவானது, மனசு தெளிந்தது, 'நம்மால் முடியும்' என்ற தெம்பு வந்தது. ஆகவே இது நடைக்கு மாற்று அல்ல, நடைக்குத் துணை.

மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: மூச்சை அடக்குவது வேண்டாம். தொண்டையை அடைத்து முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், விட்டதும் மொத்தமாக வந்து சேரும். பலவீனமான இதயத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, உடம்பைத் தலைகீழாக்கும் சிரசாசனம், சர்வாங்காசனம் எல்லாமும் வேண்டாம். சவாசனத்தில்கூட மல்லாந்து படுத்தால் சிலருக்கு மூச்சு முட்டும், ஈஸிசேரில் சாய்ந்துகொள்ளட்டும்.

அப்பாவுக்கு ஏற்றது இது. பாதம் முழுதாகத் தரையில் படியும் உயரத்தில், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலி. (திண்ணை உயரமென்றால் கால் தொங்கும், அது வேண்டாம்.) மூக்கால் நாலு எண்ணி இழுத்து, நடுவில் நிறுத்தாமல் ஆறு எண்ணி விடட்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். முடியாவிட்டால் மூன்றுக்கு நாலு. ஐந்து நிமிடம் போதும். அடுத்து குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குவது, விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, பத்துப் பத்துத் தடவை. கெண்டைச்சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு மூச்சோடு சேர்த்துக் கைகளை மார்பு உயரம் வரை ஏற்றி இறக்கலாம். தலைக்கு மேலே வேண்டாம், சீக்கிரம் களைத்துவிடும். பேஸ்மேக்கர் மாதிரி கருவி புதிதாக வைத்திருந்தால், அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள்.

எழும்போதுதான் கவனம் தேவை. பிரஷரைக் குறைக்கும் மாத்திரைகளால் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். தூணைப் பிடித்து ஒரு நிமிடம் நின்ற பிறகு, கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மெல்ல மாற்றச் சொல்லுங்கள். வலது குதிகால் தானாக லேசாகும். பிறகு வலது பக்கம். எட்டுத் தடவை. தாய் சியின் சாரம் இதில் இருக்கிறது. முதல் வாரம் மொத்தம் 10 நிமிடம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி 30 வரை போகலாம்.

அளவை எப்படிப் பார்ப்பது? நாடியை எண்ண வேண்டாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த எண் சரியான கணக்குக் காட்டாது. பேசச் சொல்லுங்கள். ஒரு முழு வாக்கியம் நிறுத்தாமல் வந்தால் சரி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் அதிகம்.

காலை வெயில் ஏறுமுன் செய்யட்டும். கத்திரியில் வெளியே வேண்டாம், மின்விசிறியடியில் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நீர் மாத்திரை போட்ட உடனே ஆரம்பித்தால் பாதியில் கழிவறைக்கு ஓட வேண்டிவரும். முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்க விடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவுக்குள்தான்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டி இரவில் இன்னொரு தலையணை கேட்டாலோ, அன்று பயிற்சி கிடையாது. டாக்டருக்குப் போன் செய்யுங்கள். செய்யும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்தி உட்கார வையுங்கள். வலி ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலும், உட்கார்ந்த பின்னும் மூச்சுத் திணறினாலும் உடனே 108. இத்தனையும் செய்துவிட்டு மத்தியானம் தயிர்சாதத்துக்கு மோர்மிளகாயும் அப்பளமும் வைத்தால், அந்த உப்பு, உடம்பில் நீரைக் கட்டி வைத்துக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

நடை தொடங்க டாக்டர் அனுமதித்தால் சமதளமான தெருவில் ஆரம்பியுங்கள். வயலைப் பார்க்கும் ஆசையில் அப்பா வரப்பில் இறங்குவார். ஈர வரப்பில் கால் வழுக்காமல் சமாளிப்பதற்கே தெருவில் நடப்பதைவிட அதிக மூச்சு செலவாகும். குறுவை நடவைத் தெருமுனையிலிருந்தே பார்க்கட்டும்.