நிறக் கண்ணாடி யன்னல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறையில் 11 வருடம் ஈயமும் கண்ணாடியுமாக இருந்துவிட்டு, மட்டக்களப்புக் கல்லடிக்குத் திரும்பி வந்து வேலை செய்கிறேன். சென்ற மாதம் "நிறக் கண்ணாடி பற்றி எதுவும் கேளுங்கள்" என்று சொன்னேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

ஊறணியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இந்த வேலையைப் பழக ஆசை. என்னென்ன சாமான் வேண்டும்? வைரக் கட்டர் இல்லாமல் ஏலாதா?

வைரம் தேவையில்லை தம்பி. சிறிய உருக்குச் சில்லு பூட்டிய கட்டர் போதும். அதோடு கண்ணாடி முறிக்கும் குறடு ஒன்று, 80 முதல் 100 வோட் வரையான சொல்டரிங் அயன், 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு, பற்றாசு நன்றாகப் பிடிக்கப் பூசும் பிளக்ஸ், ஒட்டும் செம்பு நாடா. துண்டுகளின் ஓரத்தில் செம்பு நாடாவைச் சுற்றி, பக்கம் பக்கமாக வைத்துப் பற்றவைக்கும் முறையில் தொடங்குங்கள். 1800களின் கடைசியில் அமெரிக்காவில் டிஃபனியின் பட்டறை விளக்குக் கூடுகள் செய்து பேர்பெற்றது இந்த முறையால்தான். துண்டுகளை ஈயப் பட்டியின் வாய்க்காலில் பொருத்தும் வேலையைப் பிறகு பழகலாம்.

நிறக் கண்ணாடியை இப்போதே வாங்க வேண்டாம். கண்ணாடிக் கடையில் 3 மில்லிமீற்றர் கழிவுத் துண்டுகளைக் கேளுங்கள், கொடுப்பார்கள். கண்ணாடியை யாரும் உண்மையில் வெட்டுவதில்லை. மேலே ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறல் வழியே முறிக்கிறோம். சில்லை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிற்காமல், ஒரே அழுத்தத்தில் போங்கள். காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். புதுச் சீலைத் துணியைக் கிழிக்கிற மாதிரி மெல்லிய 'சர்ர்' சீராக வந்தால் கீறல் சரி. வெள்ளைத் தூள் தெறித்தால் கை பாரமாகிவிட்டது. போட்ட கீறலின் மேல் இரண்டாம் தரம் போகவே கூடாது. சில்லும் கெடும், முறிவும் வழி மாறிப் போகும். கீறிய கையோடு முறித்துவிடுங்கள்.

நேர்வெட்டு கையில் படிந்த பிறகு வளைவுக்கு வாருங்கள். உள்நோக்கி வளைகிற வெட்டுத்தான் கடைசிப் பாடம். அதை ஒரேயடியாக எடுக்க முடியாது, சின்னச் சின்னப் பிறைகளாகக் கிள்ளி எடுக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி: கடையில் வாங்கிய கண்ணாடிப் பெயின்ட்டால் மேல் யன்னலுக்கு மயில் வரைந்தேன். இரண்டு வருடத்தில் உரிந்துவிட்டது. தேவாலயத்தில் இருப்பது எப்படி அத்தனை காலம் நிற்கிறது?

தங்கச்சி, அங்கே நிறம் பூசப்படவில்லை. கண்ணாடி உருகும்போதே நிறம் உள்ளே போய்விடுகிறது. கோபால்ட் சேர்த்தால் நீலம், மங்கனீசு சேர்த்தால் ஊதா, செம்பு சேர்த்தால் உலையின் நிலைமையைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ, தங்கம் சேர்த்தால் ரோசாச் சிவப்பு. அந்தக் கண்ணாடியைத்தான் வடிவத்துக்கு வெட்டிக் கோர்க்கிறார்கள்.

முகம், கைவிரல், உடுப்பின் மடிப்பு மட்டும் வரைவது. அந்த மை பெரும்பாலும் கபில நிறம் அல்லது கறுப்பு. உலோக ஒட்சைட்டையும் அரைத்த கண்ணாடித் தூளையும் தண்ணீரிலும் வேலம்பிசினிலும் குழைத்து வரைவோம். பிறகு சூளையில் ஏறக்குறைய 650 பாகை செல்சியசுக்கு ஏற்றினால் அது கண்ணாடியோடு கண்ணாடியாக உருகிப் பிடித்துவிடும். உங்கள் மயில் உரிந்தது உங்கள் கைக்குற்றம் இல்லை. சூளை காணாத பெயின்ட் வெயிலுக்கு நிற்காது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது வெள்ளி மஞ்சள். வெள்ளிச் சேர்மம் ஒன்றைக் களிமண்ணில் கலந்து கண்ணாடியின் பின்பக்கம் அப்பிச் சுடுவார்கள். ஆறிய பிறகு அந்தக் காய்ந்த சேற்றைத் துடைத்தால் கீழே எலுமிச்சை மஞ்சளிலிருந்து தேன் நிறம்வரை நிறம் ஊறியிருக்கும். ஐரோப்பாவில் 1300களின் தொடக்கத்தில் இந்த வித்தை வந்தது. அதற்கு முன் ஒரு முகத்துக்குப் பொன் தலைமயிர் வேண்டுமென்றால் தனி மஞ்சள் துண்டு வெட்டி ஈயத்தால் பொருத்த வேண்டும். பிறகு ஒரே துண்டில் முகமும் மயிரும் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் 'ஸ்டெயின்ட் கிளாஸ்' என்பதைச் சிலர் 'கறைக் கண்ணாடி' என்று மொழிபெயர்க்கிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. நிறக் கண்ணாடி என்றே சொல்லுவோம்.

கல்முனைப் பக்கத்து ஆலயச் சபை உறுப்பினர் ஒருவர்: எங்கள் பழைய யன்னல் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. மாரி மழைக்கு உள்ளே தண்ணீர் வழிகிறது. சிலிக்கன் பூசி அடைக்கலாம் என்று வேலைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

ஐயா, தயவுசெய்து சிலிக்கன் பூச விடாதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது இரு பக்கமும் வாய்க்கால் உள்ள ஈயப் பட்டி. வெயிலில் ஈயம் கண்ணாடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் யன்னல்கள் பகலில் எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். விரிந்த ஈயம் இரவில் முழுதாகப் பழைய நிலைக்கு வராது. இப்படியே வருடக்கணக்கில் இழுபட்டுக் களைத்துப் போகும். அதோடு வாடைக்காற்றின் தள்ளும் சேரும். இதையெல்லாம் தாங்கத்தான் குறுக்கே இரும்புக் கம்பிகள் வைத்து, ஈயப் பட்டியின் பொருத்துகளில் பற்றவைத்த செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். உங்கள் யன்னலில் அந்தக் கட்டுகள் அறுந்திருக்கும். போய்ப் பாருங்கள். வயிறு தள்ளுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீர் வருவது வேறு காரணம். பட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையில் சோக்குத் தூள், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், கொஞ்சம் விளக்குக் கரி சேர்த்துக் குழைத்த பசையைத் தேய்த்து நிரப்பியிருப்பார்கள். அது காய்ந்து பொடிந்துவிட்டது.

இப்போது சிலிக்கனுக்கு வருகிறேன். வினாகிரி மணம் வருகிற சிலிக்கனை அறிந்திருப்பீர்கள். காயும்போது அது அசற்றிக் அமிலம் விடுகிறது. அந்த அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். மணமில்லாத வகையானாலும், பிடித்த இடத்தை விடாது. பின்னால் ஒருநாள் முறையாகத் திருத்த வருபவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வரைந்த மையும் சேர்ந்தே வந்துவிடும். ஈயம் பழுதானால் புது ஈயம் வார்க்கலாம். போன முகத்தை எங்கே தேடுவது?

இந்த மாரிக்கு முன் செய்யக்கூடியது: வயிற்றை உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். வெளிச்சம் பின்னால் இருக்கும்போது ஒரு படம், வெளிப்பக்கமிருந்து சாய்வு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அறுந்த கட்டுகளை மட்டும் புதுச் செம்புக் கம்பியால் தளர்வாகக் கட்டலாம். மழைக்கு வெளியே தற்காலிகமாக ஒரு தகடு அடிக்கலாம், ஆனால் யன்னலோடு ஒட்டாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு. மழைக்காலம் முடிந்த பிறகு கழற்றி, மேசையில் கிடத்தி, மேலே தாளை வைத்து மெழுகுக் கட்டியால் தேய்த்து ஈயக்கோடுகள் அத்தனையையும் படி எடுத்துவிட்டுத்தான் ஒரு பட்டியையாவது அவிழ்க்க வேண்டும்.

இன்னொன்று. கடற்காற்றுப்படும் இடத்தில் பழைய இரும்புக் கம்பியைத் திரும்பப் போடாதீர்கள். துரு ஏறும்போது இரும்பு பருத்துச் சுவரையும் கண்ணாடியையும் சேர்த்து உடைக்கும். வெண்கலமோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு அம்மா: திருநாள் வருகிறது. கோயில் யன்னலை நாங்கள் பெண்கள் சேர்ந்து கழுவுவது வழக்கம். பாத்திரம் கழுவும் தண்ணி போதுமா, வினாகிரி போடட்டுமா?

அம்மா, என் பிழையைச் சொல்கிறேன். பட்டறையில் இரண்டாம் வருடம், ஒரு சம்மனசின், அதாவது வானதூதரின், முகம் தூசி பிடித்திருக்கிறது என்று ஈரத் துணியால் ஒருதரம் துடைத்தேன். துணியில் கபிலக் கறை. நிமிர்ந்து பார்த்தால் கன்னத்தின் நிழல் இல்லை. கண் இரண்டும் வெறும் கண்ணாடியில் மிதந்தன. இன்றைக்கும் அந்தத் துணியை மறக்க முடியவில்லை. 1800களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பல பட்டறைகள் மையில் வெண்காரம் கலந்தன, குறைந்த சூட்டிலேயே உருகட்டும் என்று. அந்த மை ஈரத்துக்கு நிற்காது. கப்பலேறி இந்தப் பக்கம் வந்த யன்னல்களிலும் அப்படிப்பட்டவை இருக்கலாம்.

ஆகவே வினாகிரி வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம், உருக்கு நார் வேண்டவே வேண்டாம். மெல்லிய தூரிகையால் சிலந்தி வலையைத் தட்டுங்கள். வெளிப்பக்கம் வரைந்த மை இல்லையென்று தெரிந்தால் வெறும் நல்ல தண்ணீர். உள்பக்கத்தில், ஒரு மூலையில், பற்றரித் தண்ணீர் என்று விற்கிற வடித்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியை உருட்டிப் பாருங்கள், தேய்க்காமல். பஞ்சில் சாம்பல் நிறம் வந்தால் தூசி. கபிலம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தூசியோடு இருக்கிற முகம் திருநாளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஏறாவூரிலிருந்து: ஒரே ஒரு துண்டு இரண்டாக வெடித்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். விளிம்பு சுத்தமாக இருந்தால் செம்பு நாடா சுற்றிப் பற்றவைக்கலாம், மெல்லிய ஒரு கறுப்புக் கோடு மட்டும் கூடும். முகமென்றால் நிறம் மாறாத நல்ல எப்பொக்சி. சாதாரண ஐந்து நிமிடப் பசை வெயிலில் மஞ்சளாகிவிடும்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி: பள்ளிவாசலுக்கு நிறக் கண்ணாடி செய்யலாமா? உருவம் இல்லாமல், வடிவங்கள் மட்டும்.

தாராளமாகச் செய்யலாம் தம்பி, இந்தக் கலை உங்கள் மரபிலும் ஆழமாக இருக்கிறது. எகிப்திலும் யெமனிலும் ஜிப்சத்தைப் பலகையாக வார்த்து, துளை செதுக்கி, பின்னால் நிறக் கண்ணாடி பதிப்பார்கள். கமரியா என்று பெயர், நிலவிலிருந்து வந்த சொல். உள்ளே விழும் வெளிச்சம் அத்தனை மென்மையாக இருக்கும். ஆனால் ஜிப்சம் மழைக்குக் கரையும், அதனால் நம் ஊரில் வெளியே ஒரு சாதாரணக் கண்ணாடி போட வேண்டும். ஈயத்தில் செய்வதென்றால் ஒரு எச்சரிக்கை: நட்சத்திரத்தின் உள்மூலை போலக் கூராக உள்ளே போகும் வெட்டைக் கண்ணாடி தாங்காது. நட்சத்திரத்தை ஒரே துண்டாக நினைக்காமல், கூர்முனைத் துண்டுகளாகவும் நடுவில் ஒரு எண்கோணமாகவும் பிரித்து வரையுங்கள்.

இரண்டு தாய்மார்: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈயம் ஆபத்தா?

ஆபத்துத்தான், ஒளிக்க வேண்டியதில்லை. பற்றவைக்கும் சூட்டில் ஈயப் புகை மிகக் குறைவு. கண்ணையும் தொண்டையையும் எரிப்பது பிளக்ஸ் புகை, அதற்கு யன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கை வழியாகவும் தூசி வழியாகவும்தான். பழைய பட்டியில் படிந்த வெள்ளைப் பொடி எல்லாவற்றிலும் கெட்டது. தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குசினி மேசையில் இந்த வேலை வேண்டாம். வேலை உடுப்பைப் புறம்பாகத் தோயுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் இதைத் தொடவே வேண்டாம், பொறுத்திருந்து பழகலாம்.

பலர்: பழைய கண்ணாடி மெல்ல வழிந்து கீழ்ப்பக்கம் தடிக்கும் என்பது உண்மையா?

இல்லை. அந்தக் காலத்தில் ஊதிச் சுழற்றிச் செய்த கண்ணாடி பிறக்கும்போதே தடிப்பு மாறித்தான் வரும். தடித்த பக்கம் மேலே இருக்கிற யன்னல்களையும் நான் கழற்றியிருக்கிறேன்.

டச்பாரில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பத்து மகள் ஒருவர்: அம்மம்மா வீட்டுக் கதவுக்கு மேலே சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி இருந்தது. சிவப்பில் வெள்ளை நட்சத்திரம். சுனாமிக்குப் பிறகு அப்பா மண்ணைக் கிளறிக் கிடைத்த துண்டுகளைச் சாக்கில் போட்டுவைத்தார். 2004இலிருந்து அது அப்படியே கிடக்கிறது. ஏதும் செய்யலாமா, அன்ரி?

செய்யலாம் மகள். உங்கள் அப்பா சாக்கைத் தூக்கி எறியாததற்கு நான் நன்றி சொல்லுகிறேன்.

ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, தட்டையான பக்கத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி வெள்ளையாக, அதாவது நிறமில்லாமல் இருக்கும், மேலே தாள் அளவுக்கு ஒரு சிவப்புத் தோல் மட்டும் தெரியும். செம்புச் சிவப்பு அவ்வளவு அடர்த்தி. முழுத் தடிப்புக்கும் சிவப்பாக வார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் வெள்ளைக் கண்ணாடிமேல் மெல்லியதாகப் போர்த்துவார்கள். அந்தத் தோலை வெட்டியோ அமிலத்தால் தின்னவைத்தோ நீக்கினால் கீழே இருக்கும் வெள்ளை வெளிப்படும். உங்கள் நட்சத்திரம் அப்படி வந்தது. எனவே சிவப்புப் பக்கத்தை யாரும் உரைத்துத் தீட்டிவிடக் கூடாது.

வீட்டில் நீங்கள் கழுவ வேண்டாம். உப்பு இன்னும் இருக்கும், அதை நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்து மெல்ல எடுக்க வேண்டும். சாக்கைக் கவிழ்க்காமல், கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பரில் பரப்புங்கள். ஈயமோ மரத்துண்டோ ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று அதுதான் சொல்லும். கல்யாணப் படமோ பிறந்தநாள் படமோ, அந்தக் கதவுக்கு முன்னால் நின்று எடுத்த எதுவானாலும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மூலையில் கொஞ்சம் தெரிந்தாலும் போதும்.

எல்லாத் துண்டும் இருக்காது. இல்லாத இடத்துக்குப் புதுச் சிவப்பு வாங்கிப் பழசு போல நடிக்கவைக்க எனக்கு மனம் வராது. வெளிறிய வெறும் கண்ணாடி வைத்துவிடுவேன். எது அம்மம்மா வீட்டுத் துண்டு, எது நான் வைத்தது என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டு வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. எந்தத் துண்டை எங்கே எடுத்தார் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.