தள்ளுபடிப் பந்தலில் வாங்கிய ப்ளேனர் மெஷின்: திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். நானும் தம்பியும்தான் வேலை பார்க்கிறோம், கூட ஒரு ஆள். நான்கு மாதத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு மெஷின் தள்ளுபடி விற்பனை நடந்தது. 1,90,000 ரூபாய் விலை போட்டிருந்த, ப்ளேனரும் (பலகை இழைப்பது) ரம்பமும் சேர்ந்த மெஷினை 1,25,000 ரூபாய்க்கு வாங்கினேன். புது மெஷின்தான், பழைய மாடல் என்பதால் விலை குறைவு என்றார்கள். பந்தலில் த்ரீ ஃபேஸ் லைன் இல்லை என்று ஓட்டிக் காட்டவில்லை. பட்டறையில் ஓட்டினால் கட்டர் ஷாஃப்ட் (பிளேடு சுழலும் தண்டு) அதிர்கிறது, அரை மணி நேரத்தில் பேரிங் கொதிக்கிறது, பலகை அலை அலையாக வருகிறது. மெக்கானிக் பெயர்த் தகட்டைக் கழற்றினார். பச்சைப் பெயின்டுக்கு அடியில் பழைய நீலப் பெயின்ட், பக்கத்திலேயே வேறொரு தகடு அடித்திருந்த திருகு ஓட்டைகள். பில் 80,000 ரூபாய்க்குத்தான் போட்டார்கள். மீதி ரொக்கத்துக்குத் துண்டுச் சீட்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது', 'வழக்குகள் கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை' என்று பில்லில் அச்சாகியிருக்கிறது. போன் செய்தால் 'ஆஃபர் பீஸுக்கு வாரண்டி கிடையாது' என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார் நண்பர். என்ன செய்வது?

பதில்: நண்பர் சொன்னது பாதி சரி. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. அதுவும் ஒரு மெஷின் வழக்குதான். தானே ஓட்டிப் பிழைக்க லேத் மெஷின் வாங்குபவர் நுகர்வோரே, ஒன்றிரண்டு பேர் கூட நின்று உதவுவதால் அந்தத் தகுதி போய்விடாது என்றது நீதிமன்றம். ஆனால் வழக்குப் போட்ட நிறுவனத்தின் தொழில் அளவைப் பார்த்து, அது நுகர்வோர் இல்லை என்றே முடிவானது. எனவே உங்கள் புகாரில் முதல் பத்தியிலேயே பட்டறை எத்தனை அடி, யார் யார் வேலை செய்கிறீர்கள், குடும்ப வருமானம் இதிலிருந்துதான் என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்துப் பட்டறை பெயரில் பில் வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். அதனால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது, பதில் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது தள்ளுபடி. விலையைக் குறைத்தேன், அதனால் பொறுப்பும் குறைந்தது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பழைய பொருளை, புதுப்பித்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. பணம் திருப்பித் தரப் பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள் கணக்கு. 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்த அந்த ஒரு வரியைக் காட்டி அவர்கள் தப்பிக்க முடியாது. என்னைக் கேட்டால் உங்கள் வழக்கின் உயிர் அந்த நீலப் பெயின்ட்தான். அதிர்வையும் சூட்டையும் 'சரியாகப் பொருத்தவில்லை, பெல்ட்டை இறுக்கிவிட்டார்' என்று சமாளிப்பார்கள். திருகு ஓட்டைக்கு என்ன பதில் சொல்வார்கள்?

'ஓட்டிப் பார்க்காமல் வாங்கியது உங்கள் தப்பு' என்பார்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் பிற்பாடு கேட்க முடியாது என்கிறது. டேபிளில் கீறல், துரு, உடைந்த கைப்பிடி என்றால் அந்த வாதம் நிற்கும். கரண்ட் இல்லாத பந்தலில் நின்று பேரிங் சூட்டை யார் பார்ப்பது? ஆனால் ஒன்று: பில்லிலோ துண்டுச் சீட்டிலோ 'டெமோ பீஸ்', 'உள்ளது உள்ளபடி' என்று கையால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அப்படி எழுதி நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் வழக்கு கொஞ்சம் கடினம்தான்.

கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே (நுகர்வோர் கோர்ட் என்பது இதுதான்) புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம். வாங்கியதிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள். ஒருவேளை நுகர்வோர் இல்லை என்றாகிவிட்டால் உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே 3 ஆண்டு கால வரம்பு, ஆனால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும்.

இப்போது அந்த 45,000 ரூபாய். வரி மிச்சம் என்று சொல்லிப் பாதிக்குப் பில் போடுவது பந்தல் வியாபாரத்தில் சகஜம்; வழக்கு என்று வந்தால் அடி வாங்குவது வாங்கியவர்தான். மறைக்காதீர்கள், கொடுத்த மொத்தத் தொகையையும் புகாரில் எழுதுங்கள். துண்டுச் சீட்டு, விலை பேசிய வாட்ஸ்அப் செய்தி, அந்த வாரம் வங்கியில் பணம் எடுத்த பதிவு மூன்றும் சேர்ந்தால் நம்ப வைக்கலாம். எதுவுமே இல்லையென்றால் 80,000 ரூபாய்க்கு மேல் கிடைப்பது சந்தேகம். முழுத் தொகைக்குப் பில் தராததும் அவர்கள் பக்கத் தவறு என்று சேர்த்தே எழுதலாம்.

பந்தல் பிரித்தாகிவிட்டது, நோட்டீஸை எங்கே அனுப்புவது என்று கவலை வேண்டாம். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவான பெயரும் முகவரியும் வரும். நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள், சிலர் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். போலீஸுக்குப் போகலாமா என்றால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 318-ஆவது பிரிவின் கீழ் மோசடிப் புகார் கொடுக்க இடமுண்டு. ஆனால் 'இது சிவில் விவகாரம்' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம், அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: நீங்களாக மெஷினைப் பிரித்துப் பழுது பார்க்காதீர்கள், மேலே பெயின்டும் அடிக்காதீர்கள். வழக்கறிஞர் ஆணையர் (நேரில் பார்த்து அறிக்கை தர நியமிக்கப்படும் வக்கீல்) ஒருவரைப் பொறியாளருடன் அனுப்பிப் பார்வையிடக் கேட்டு மனுப் போடலாம், அவர் வரும்போது மெஷின் இப்போது உள்ளபடியே இருக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததும் 'ஆளை அனுப்பி சரிசெய்து தருகிறோம்' என்று அவர்கள் சொன்னால் மறுக்க வேண்டாம். வருபவர் என்ன பார்த்தார், எந்தப் பாகத்தைக் கழற்றினார் என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, கழற்றிய பாகத்தைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.