அரிசியைக் குறைத்தபின் வரும் நடுக்கம்: குற்றம் உணவிலா, மாத்திரையிலா?

கேள்வி: என் வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு, கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிட்டு வருகிறேன். மூன்று வாரங்களாகச் சோறு, இட்லி, தோசையை விட்டுவிட்டு முட்டை, பனீர், காய்கறி என்று மாறியிருக்கிறேன். இப்போது முற்பகல் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. இந்த உணவுமுறையைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர், மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டுத் தாம் விற்கும் மூலிகைப் பொடியை மட்டும் சாப்பிடச் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில்: எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது, அதற்காக இதே அளவில் தொடர்வதும் சரியல்ல. மாத்திரையின் அளவை மாற்றித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் இன்றோ நாளையோ கேளுங்கள். அடுத்த மாதச் சந்திப்புவரை இது தாங்காது. அதுவரை காலை மாத்திரைக்குப் பின் உணவைத் தள்ளிப்போடாமல், இரண்டு இட்லியையாவது மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்துகளின் குணமும் வேறு. மெட்ஃபார்மின், கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. தனியாக அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடோ, தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க விரட்டுவது. நான்கு இட்லிக்குக் கணக்கிட்டுக் கொடுத்த அளவை இரண்டு முட்டைக்கும் போட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, பதினொரு மணிக்குக் கை நடுங்கத்தான் செய்யும். குறைமாவு உணவைத் தொடங்கும்போதே இந்த வகை மாத்திரையைப் பாதியாகக் குறைப்பதோ நிறுத்துவதோ வழக்கம். ஆனால் புறநோயாளர் வரிசையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது என்ற நிலையில், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க யாருக்கு நேரமிருக்கிறது? பழைய சீட்டிலேயே புதுத் தேதி போட்டு அனுப்பிவிடுகிறோம். இதில் என் போன்றவர்களுக்கும் பங்குண்டு.

குறைப்பது என்றால் மாத்திரையை வீட்டிலேயே பாதியாக உடைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். இத்தகைய கூட்டு மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மின் பல மணி நேரத்துக்கு மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டிருக்கும். உடைத்தால் அந்த ஏற்பாடு குலைந்து மருந்து ஒரேயடியாக வெளியேறும். ஒன்றைக் குறைத்து மற்றதை அப்படியே வைத்திருக்கவும் முடியாது. அரசு மருத்துவமனையில் தனித்தனியாகத் தரும் சாதாரண மாத்திரைகளை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அளவை மாற்ற வேண்டிய நாளில் அவைதான் கைகொடுக்கும். இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள்.

நடுக்கம் வந்தவுடன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. பாதாமும் பனீரும் அந்த நேரத்துக்கு உதவாது. சரியாகும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

இனி அந்தப் பொடி. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் கைபேசியைத் திறந்தால் அந்த விளம்பரம்தான். மூலிகை என்ற பெயரில் ஆங்கில மருந்தையே கலந்து விற்பது புதிதுமல்ல. 2008-இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரைகளில் கிளிமிபிரைடின் அண்ணனான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத ஏறத்தாழ 150 பேர் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்குப் போனார்கள், நால்வர் இறந்தார்கள். பொடியைத் தின்று சர்க்கரை இறங்கினால் மகிழ்வதற்குமுன், எதனால் இறங்கியது என்று கேளுங்கள். உணவையும் சொல்லி, மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி, சரக்கையும் விற்பவரிடம் நியாயம் எதிர்பார்க்க இடமில்லை.

சர்க்கரை இறங்காமலே ஆபத்து வரும் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மருந்து ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின், டாபாகிளிஃப்ளோசின் பல கூட்டு மாத்திரைகளுக்குள் நுழைந்துவிட்டது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து இது. இதைச் சாப்பிடுபவர் மாவுச்சத்தை அறவே ஒதுக்கினால், உடல் கொழுப்பை எரித்து, அதில் உண்டாகும் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் பெருகி, இரத்தம் அமிலமாகலாம். ஏமாற்றும் இடம் எதுவென்றால், மீட்டரில் சர்க்கரை 180 என்றே காட்டும்; நோயாளி நிம்மதியாக இருப்பார், அவசரப் பிரிவில் இருப்பவரும் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், காரணமில்லாத சோர்வு இருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பரிசோதனையை வாய்விட்டுக் கேளுங்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வதால் இதை எழுதியிருக்கக் கூடும். அந்த நிலையில் கைவிட வேண்டியது கடும் உணவுக்கட்டுப்பாட்டையா, மாத்திரையையா என்பதை எழுதியவரே முடிவு செய்யட்டும்.

மருத்துவரிடம் போகும்போது, வெறும் வயிறு, முற்பகல் பதினொரு மணி, படுக்கும் நேரம் ஆகிய மூன்று வேளைகளிலும் பார்த்த அளவுகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயர் அச்சிட்ட துண்டு கடைக்காரரிடமே தங்கிவிடுவது வழக்கம். பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முணுமுணுத்தாலும் தருவார்.