ஐம்பது நிமிடமும் பேசாமல் இருக்கிறார், நிறுத்திவிடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், கணக்காளர் வேலை. காரணமே தெரியாமல் அடிக்கடி அழுகை வருகிறது என்று எட்டு மாதமாக ஒரு மனநலச் சிகிச்சையாளரிடம் போகிறேன். உளப்பகுப்பாய்வு முறையாம். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 180 வெள்ளி. என் அப்பா வேலை முடிந்து வந்தால் வாயே திறக்கமாட்டார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தச் சிகிச்சையாளர் அம்மாவும் வாயே திறக்கமாட்டார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், ‘இப்போது என்ன தோன்றுகிறது?’ என்று திருப்பிக் கேட்கிறார். போன வாரம் நான் அழுதுகொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்து நேரமாகிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து கை எரிய எரியச் சட்டியைத் தேய்த்தேன். கணவர் நிறுத்தச் சொல்கிறார். போன அப்பாவைப் பற்றி இனிப் பேசி என்ன ஆகப்போகிறது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். ‘வாயே திறக்கமாட்டார்’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று சிகிச்சையாளருக்கு. சொல்கூட மாறவில்லை. எழுதும்போது உங்களுக்கே தெரிந்ததா?

சின்ன வயதில் பெரியவர்களிடம் எதை எதிர்பார்த்து ஏங்கினோமோ, அதே ஏக்கத்தையும் கோபத்தையும் பிற்பாடு மேலதிகாரியிடமும் கணவரிடமும் நம்மை அறியாமலே கொண்டுபோகிறோம். சிகிச்சையாளரிடமும் கொண்டுபோவோம். இதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்பார்கள். இந்தச் சிகிச்சையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அப்பாவிடம் காட்ட முடியாமல் போன கோபம் அந்த அறைக்குள் வந்து உட்காரும்போது, அதை முதல்தடவையாக எதிரில் வைத்துப் பார்க்க முடிகிறது. அன்றைக்குச் சட்டியில் தேய்த்தது யார் மேல் இருந்த கோபம்? எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டிய இடம் உங்கள் சிகிச்சையாளரின் அறை.

நிறுத்தலாமா என்று கேட்டதும் எனக்கு இந்த முறையை உருவாக்கிய ஃபிராய்டிடம் வந்த ஒரு 18 வயதுப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். அவர் அவளுக்கு வைத்த புனைபெயர் டோரா. 1900 அக்டோபரில் வரத் தொடங்கியவள், டிசம்பர் 31 அன்று இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு ஒருவர் மேல் இருந்த கோபத்தை அவள் என் மேல் திருப்பியதைச் சரியான நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று 1905இல் அவரே எழுதினார். தப்பு அவர் மேல்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்கும் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது. நீங்களும் கோபத்தோடு கோபமாக நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அடுத்த தடவை போனதும் முதல் பேச்சாக, ‘நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை’ என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். அங்கே அதைத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் சிகிச்சையாளர் யோசனை சொல்லாததற்கும் காரணம் உண்டு. மனதில் வருவதை நல்லது கெட்டது, முக்கியம் அற்பம் என்று சலிக்காமல் அப்படியே சொல்வதுதான் இந்த முறையின் அடிப்படை விதி. ரயிலில் சன்னல் ஓரம் இருப்பவர், வெளியே மாறிக்கொண்டே போகும் காட்சிகளை உள்ளே இருப்பவருக்குச் சொல்வதுபோல என்று 1913இல் ஃபிராய்ட் விளக்கினார். ஈசூனிலிருந்து செம்பவாங் பக்கம் வண்டி மேலே ஓடும்போது புளோக்குகளும் மரங்களும் ஒவ்வொன்றாக வந்து போகுமே, அப்படி. உள்ளே இருப்பவர் நடுவில் புகுந்து ‘அதைப் பார், இதைப் பார்’ என்றால் உங்கள் கண்ணுக்கு எது தென்பட்டது என்பது தெரியாமலே போய்விடும்.

ஆனால் பேசாமல் இருப்பது மட்டுமே சிகிச்சை ஆகாது. இன்றைக்குச் சொன்னதையும் மூன்று மாதம் முன்பு சொன்னதையும் சேர்த்துப் பார்த்து, ‘இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதே’ என்று அவர் அவ்வப்போது எடுத்துக்கொடுக்க வேண்டும். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அப்படி நடக்கவில்லையா? நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு ஒருவரைப் பார்ப்பதில் தவறே இல்லை.

இன்னொன்று. நீங்கள் அங்கே ஆங்கிலத்தில்தான் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்பா வாய் திறந்த அபூர்வமான நாட்களில் தமிழில்தானே பேசியிருப்பார்? ‘போய்ப் படி’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் பொருள் வரும், அவருடைய குரல் வராது. அவர் சொன்னதை முதலில் தமிழிலேயே சொல்லுங்கள், அப்புறம் சிகிச்சையாளருக்குப் பொருள் சொல்லலாம். 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் டாக்டர் பிராயரிடம் சிகிச்சை பெற்ற ‘அன்னா ஓ’வுக்கு நோய் முற்றியபோது தாய்மொழியான ஜெர்மன் வாயில் வராமல் போய் ஆங்கிலம் மட்டும் நின்றது. ‘பேச்சு வைத்தியம்’ என்று இதற்கு முதலில் பெயர் வைத்தவரும் அந்த நோயாளிதான், அதுவும் ஆங்கிலத்தில்.

போன அப்பாவைப் பற்றிப் பேசி என்ன ஆகும் என்கிறீர்கள். நடந்ததை உங்களால் மாற்ற முடியாதே, பிறகு எப்படி உதவுவீர்கள் என்று நோயாளிகள் ஃபிராய்டிடமும் கேட்டிருக்கிறார்கள். உங்கள் நோயின் வேதனையைச் சாதாரண மனிதத் துக்கமாக மாற்றிவிட்டாலே பெரிய லாபம் என்று 1895இல் அவர் பதில் எழுதினார். எனக்கு அது நேர்மையான பதிலாகப் படுகிறது. அப்பாவை நினைத்து அழுகை வரும், ஆனால் எதற்கு அழுகிறோம் என்று தெரிந்து அழுவீர்கள். அழுது முடித்துவிட்டு வேலைக்கும் போவீர்கள்.

பணத்தையும் பார்க்க வேண்டும். வாரம் 360 வெள்ளி சின்னத் தொகை இல்லை. கட்டுப்படி ஆகவில்லை என்றால் அதையும் அந்த அறையிலேயே சொல்லி, வாரம் ஒரு நாளாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். காரணம் தெரியாத அழுகைக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம், தைராய்டு கோளாறு மாதிரி. மனச்சோர்வாக இருந்தால் மருந்தும் உதவும். எனவே பலதுறை மருந்தகத்தில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் சலுகைக் கட்டணத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள்.

தூக்கம் கெட்டு, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். 1767 அல்லது 1771ஐ அழையுங்கள், இரண்டு தொலைபேசி எண்ணிலும் இரவு பகல் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். கணவரிடமும் இந்த எண்களைக் கொடுத்து வையுங்கள்.