கிளம்பும் முன் உயரம் அளந்துவிடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்பதுதான். தீம் பார்க் கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கோவையில் நர்சரி டீச்சராக இருந்து, சுற்றுலா பஸ்ஸில் பிள்ளைகளின் தலையை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. மே மாதம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கொச்சி வொண்டர்லா போகலாம் என்கிறார் கணவர். சின்னவளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

சின்னவளைப் பற்றிக் கவலையே வேண்டாம் அம்மிணி. முழங்கால் அளவுத் தண்ணீரும், மேலிருந்து தொப்பென்று கொட்டுகிற ஒரு வாளியும் இருந்தால் மூன்று வயதுக்கு அதுவே சொர்க்கம். சிக்கல் பெரியவனிடம்தான் வரும். யூடியூபில் எல்லா ரைடையும் பார்த்து முடித்து, எதில் ஏறப்போகிறான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருப்பான். ஏழு வயதுப் பையன் சுமார் 120 செ.மீ. இருப்பான். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு அந்த உயரம் போதாது. வெயிலில் அரை மணி நேரம் நின்று, முறை வரும்போது உயரப் பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அவன் போடும் அழுகையில் மிச்ச நாள் போய்விடும்.

அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வீட்டில் அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு. எந்த ரைடுக்கு எத்தனை உயரம் வேண்டும் என்பதைப் பூங்காவின் வலைத்தளத்தில் அவனையே படிக்கச் சொல்லி, முடிந்ததற்கு டிக் போடச் சொல்லுங்கள். அழுவதாக இருந்தால் வீட்டிலேயே அழுது முடித்துவிடுவான். டிக் விழுந்தவற்றுக்குச் சந்தோஷமாகக் கிளம்புவான்.

இந்த உயர விதியைத் தைரியத்துக்கு வைத்த பரீட்சை என்று நினைக்கிறவர்கள் உண்டு. “எங்க பையன் பயப்படமாட்டான் சார், அடுத்த மாசம் எட்டு வயசு ஆயிடும்” என்று ரைடு ஆப்பரேட்டரிடம் மன்றாடும் அப்பாக்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். மடிமேல் இறங்கும் கம்பியும் தோளை அழுத்தும் பிடியும் ஓர் அளவு உடம்பைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. உடம்பு அதைவிடச் சிறியதாக இருந்தால் இடைவெளியில் நழுவிவிடும். அங்கே கெஞ்சாதீர்கள்.

வொண்டர்லாவில் டிக்கெட்டும் உயரக் கணக்குதான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். மூன்று வயது என்றால் பெரும்பாலும் தாண்டியிருப்பாள், அவளுக்கும் எடுக்க வேண்டியிருக்கும். பூங்கா திறக்கவே 11 மணி போல ஆகும். ராத்திரி ரயிலேறி, விடிகாலை ஆலுவாவில் இறங்கி, அதே நாள் உள்ளே போகும் திட்டத்தைக் கணவர் சொல்லுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் கெட்ட குழந்தைக்குப் பகல் இரண்டு மணிக்கு எந்தச் சறுக்கு மரமும் இனிக்காது. முந்தின நாள் பகல் ரயிலில் போனால் ஐந்து மணி நேரம் போலத்தான். போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள்.

கேரளத்திலும் ஏப்ரல், மே முழு ஆண்டு லீவு. சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன் பிறந்தால் அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உடை முக்கியம். தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர் வகைத் துணிதான் அனுமதி. பருத்தி, சேலை, சுடிதார் கூடாது. வாசலில் வாங்கினால் விலை கூட, அளவும் சரியாக அமையாது. இங்கேயே எடுத்துவிடுங்கள். சின்னவள் இன்னும் டயப்பர் போடுகிறாள் என்றால் நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பர் வேண்டும். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி முழங்காலுக்குத் தொங்கிவிடும். அப்புறம், பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. மே மாத சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை நடப்பதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்: இரண்டு எட்டு ஓடி, ஈரத்தில் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றிக் குதிக்கும்.

மாமியார் சேலைதான் கட்டுவார் என்றால் குளத்தில் இறங்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். “பையைப் பார்த்துக்கறதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்கும்படி விடக் கூடாது. பைக்கு லாக்கர் வாடகைக்குக் கிடைக்கும். அத்தைக்கு ஒரு பாலியஸ்டர் பேன்ட்டும் முழுக்கை டி-ஷர்ட்டும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லுவார்.

கட்டுச்சோறு கொண்டுபோக விடுவார்களா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்! பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் வெளிச் சாப்பாட்டை விடுவதில்லை. பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தையின் உணவுக்கு மட்டும் பொதுவாகத் தடை இருக்காது. புளியோதரை மணத்தை மறைக்கவா முடியும்? காரிலேயே வைத்து, உள்ளே நுழையும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள். குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கட்டும். தண்ணீரிலேயே கிடக்கிற பிள்ளை தாகம் என்று கேட்காது, நாம்தான் கூப்பிட்டுக் குடிக்க வைக்க வேண்டும்.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோவா, ஹாங்காங் டிஸ்னிலேண்டா? நண்பர்கள் “இந்த வயதில் எதுவுமே வேண்டாம், ஞாபகம் இருக்காது” என்கிறார்கள்.
– ஒரு வாசகர், சென்னை

ஞாபகம் இருக்காது என்பதற்காக யாரும் மூன்று வயதுப் பிறந்தநாளைக் கொண்டாடாமல் விடுவதில்லையே. பணம் இருந்து, மனமும் இருந்தால் போய் வாருங்கள். இரண்டில் ஒன்று என்றால், நான்கு வயதுக்கு நான் ஹாங்காங்தான் சொல்வேன். சிங்கப்பூரில் பெயர் பெற்ற ரைடுகள் பலவும் உயரமானவர்களுக்கானவை. நான்கு வயதுப் பெண் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இருப்பாள். ஹாங்காங்கில் பறக்கும் யானை டம்போ, குதிரை ராட்டினம், படகில் உட்கார்ந்து பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே போகும் சவாரி எல்லாவற்றிலும் உங்கள் மடிப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரலாம். 2023 நவம்பரில் ஃப்ரோசன் படத்துக்கென்றே ஒரு பகுதியும் திறந்துவிட்டார்கள். எல்சா பைத்தியம் பிடித்த வீடு என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை. சன்னி பே நிலையத்திலிருந்து பூங்காவுக்கென்றே ஓடும் ரயிலில் ஜன்னலெல்லாம் மிக்கி தலை வடிவம். பாதிக் குழந்தைகளுக்கு அதுவே முதல் ரைடு.

இன்னொரு விஷயத்தைப் பயண ஏஜென்ட் சொல்லமாட்டார். ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை பத்து என்றால் உங்கள் மகளின் உடம்புக்கு ஏழரை. ஆகவே திறந்த உடனே ஓட வேண்டும் என்று ஆறு மணிக்கு எழுப்பாதீர்கள், அது அவளுக்கு மூன்றரை. பதிலுக்கு ராத்திரி உங்களுக்கு லாபம். டிஸ்னிலேண்ட் கோட்டையில் இரவு ஒன்பது மணிக்கு வாணவேடிக்கை என்றால் அவளுக்கு மாலை ஆறரைதான், கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். தாமதமாகப் போய், மதியம் ஒரு தூக்கம் போட வைத்து, இரவுக் காட்சி பார்த்துத் திரும்புங்கள்.

தள்ளுவண்டி அவசியம். “நாலு வயசுப் பொண்ணுக்கு எதுக்கு?” என்று வீட்டில் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும். பெரிய ரைடில் நீங்களும் மனைவியும் ஏற ஆசைப்பட்டால் இருவரும் இரண்டு தடவை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் ஏறலாம், அதற்குள் குழந்தையை மாற்றிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, வரிசை முகப்பில் கேளுங்கள். ஹாங்காங்குக்கு இந்தியர்கள் கிளம்பும் முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பொம்மை வேஷம் போட்டவர்களைக் கண்டாலே என் மகன் அலறுகிறான். பள்ளி ஆண்டு விழாவில் பாண்டாவைப் பார்த்து ஓடிவிட்டான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.
– ஒரு வாசகி, திருச்சி

ஓடத்தானே செய்வான்! ஆளைவிடப் பெரிய தலை, இமைக்காத கண், பேசாத வாய். இதில் பயப்படாத குழந்தையைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம். போட்டோவுக்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதன் மடியில் உட்கார வைக்கிறார்கள் பாருங்கள், அது மட்டும் வேண்டாம். இருபது அடி தள்ளி நின்று மற்ற பிள்ளைகள் கை கொடுப்பதைப் பார்க்கட்டும். நீங்கள் போய்க் கை கொடுத்துவிட்டு வாருங்கள். “உள்ளே ஒரு அண்ணன் இருக்கான், அவனுக்கு வேர்க்கும்” என்று நான் எங்கள் வகுப்பில் சொல்வேன். சிலர் மாயம் கலைந்துவிடும் என்பார்கள். அலறுகிற பிள்ளைக்கு மாயம் எதற்கு? ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, கரடிக்குப் பக்கத்தில் போய் “அண்ணா, தண்ணி வேணுமா?” என்று தன் பாட்டிலை நீட்டினான். கரடி தலையை ஆட்டியது.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டால்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

உள்ளே நுழையும்போது வாசலிலேயே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அன்றைக்குப் போட்டிருக்கும் சட்டையோடு, தலை முதல் கால் வரை. பதற்றத்தில் சட்டை நிறம் எந்த அம்மாவுக்கும் ஞாபகம் வராது. முன்கையில் உங்கள் போன் நம்பரைத் தண்ணீரில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். “காணோம்னா நின்ன இடத்துலயே நில்லு, சீருடை போட்டவங்ககிட்ட சொல்லு” என்று அந்தச் சீருடையைக் கையால் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் தொலைவதைவிட எனக்குப் பயம் தண்ணீர்தான். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் நடக்கும். லைஃப்கார்டு இருக்கிறார் என்று போனை எடுக்காதீர்கள். அவர் நூறு பேரைப் பார்க்கிறார். அலைக்குளத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். “நீ பார்த்துக்கறேன்னு நினைச்சேன்” என்ற பேச்சு வராமலிருக்க, அம்மா அரை மணி, அப்பா அரை மணி என்று வாய்விட்டுச் சொல்லி முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு இரண்டு வயது. இவ்வளவு செலவு செய்து போகாவிட்டால் என்ன குறை?
– ஒரு தாத்தா, தாம்பரம்

ஒரு குறையும் இல்லை ஐயா. பொங்கல் சமயம் தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போங்கள். டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுங்கள். குட்டிக் கார் ராட்டினத்தில் உட்கார வைக்கும்போது பக்கக் கம்பியின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிடுங்கள், பத்து அடியில் வேறு ராட்டினம் இருக்கும்.