கணினி கேள்வி–பதில்: பேரன் சொல்வதா, கடைக்காரர் சொல்வதா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை, அதாவது பாதுகாப்பு மேம்படுத்தல்களை, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதிலிருந்து, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அதையொட்டியே இருக்கின்றன. எனவே அவற்றில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2015ஆம் ஆண்டு வாங்கிய என் மடிக்கணினியில் ஐந்தாம் தலைமுறை ஐ3 பிராசசரும் 4 ஜிபி ரேமும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் உள்ளன. விண்டோஸ் 10 ஓடுகிறது. திறந்து வேலைக்கு வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. விண்டோஸ் 11க்கு இந்தக் கணினி தகுதியற்றது என்று செய்தி வருகிறது. எப்படியாவது 11ஐ ஏற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். பேரனோ லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான். தமிழில் கட்டுரை தட்டச்சு செய்வது, மின்னஞ்சல் பார்ப்பது, ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று வங்கித் தளத்தில் பார்ப்பது, யூடியூபில் கச்சேரி கேட்பது ஆகியவைதாம் என் வேலைகள். யார் பேச்சைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பேரன் பேச்சைக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் அந்த ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆதரவு முடிந்துபோனது ஒன்று, கணினி மெதுவாக இருப்பது மற்றொன்று. முன்னதற்குக் காரணம் இயங்குதளம், பின்னதற்குப் பெரும்பாலும் காரணம் வன்பொருள். கணினி திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதையுமே செய்யாதபோதும் 'டிஸ்க்' என்ற பத்தி 100 சதவீதத்தில் நிலைத்து நின்றால், சுழலும் தட்டுகளைக் கொண்ட அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி. வட்டின் மேல் ஊசிபோன்ற ஒரு முனை இங்குமங்கும் நகர்ந்து ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால் ஏற்படும் தாமதம் அது. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுச் சேமிப்பகத்தைப் போடுங்கள்; அதில் நகரும் பாகமே இல்லை. இரண்டரை அங்குல சாட்டா வகையில் 256 ஜிபி உங்களுக்குத் தாராளம். முடிந்தால் ரேமையும் 8 ஜிபியாக்குங்கள். உங்கள் கணினியின் வயதுக்குப் பெரும்பாலும் டிடிஆர்3எல் வகைதான் பொருந்தும் என்றாலும், உள்ளே இருக்கும் பழைய ரேமின் ஒட்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வைத்தால் பழைய கோப்புகளெல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர்களையும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. அந்தச் சோதனையை ஏமாற்றி 11ஐ ஏற்ற வழிகள் உண்டு. கடைக்காரர் சொல்வது அதைத்தான். அப்படி ஏற்றிய கணினிக்கு மேம்படுத்தல்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆதரவு வேண்டும் என்பதற்காகத்தானே 11க்கே போகிறோம்? அந்த உறுதி இல்லாதபோது போய் என்ன பயன்? விண்டோஸ் 10ஐ விட மனமில்லை என்றால், வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்படுத்தல் தரும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் காப்புப் பிரதியாக வைக்கச் சம்மதித்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அது தவணை நீட்டிப்பு, அவ்வளவுதான்.

நீங்கள் பட்டியலிட்ட வேலைகளில் ஒன்றுகூட விண்டோஸைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின், பழைய கணினிக்கும் பாரமாகாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நான் பரிந்துரைக்கிறேன். கீழே இடப்புற மூலையில் பட்டியல் பொத்தான், வலப்புறம் கடிகாரம் என்று உங்கள் கைக்குப் பழகிய அமைப்பிலேயே அது இருக்கும். 22ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை மேம்படுத்தல் உண்டு. தட்டச்சுக்கு லிப்ரே ஆஃபிஸ் உடன் வருகிறது. தமிழ் உள்ளீட்டுக்கு உதவும் ஐபஸ், எம்17என் ஆகிய மென்பொருள் பொதிகளை நிறுவிக்கொண்டால், 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்துவிடும்.

நிறுவுவதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, கணினியை அதிலிருந்தே இயக்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸ் கலையாமல் லினக்ஸ் ஓடும். அப்போது வைஃபை இணைகிறதா, ஒலிபெருக்கி பேசுகிறதா, மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா, வீட்டுப் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரிண்டரை மறந்துவிடாதீர்கள், லினக்ஸுக்கு வந்தவர்கள் திரும்பிப் போனதற்கு நான் கேட்ட காரணங்களில் முதலிடம் அதற்குத்தான்.

கடையில் கொடுத்துச் செய்வதானால், எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், மெதுவாக இருக்கிறது என்று நான் கொடுத்த மடிக்கணினியை ஒரு கடையில் கேட்காமலேயே ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். மூன்று ஆண்டுப் புகைப்படங்கள் போயின; மெதுவும் போகவில்லை, ஏனென்றால் கோளாறு தூசி அடைத்த மின்விசிறியில் இருந்தது.

கேள்வி: எங்கள் மளிகை மொத்த விற்பனைக் கடையில் டேலியில் கணக்கு வைத்திருக்கிறோம், ஜிஎஸ்டி வேலைக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் உண்டு. செலவைக் குறைக்க லினக்ஸுக்கு மாறலாமா?
— வணிகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டோக்கனையும் லினக்ஸில் இயக்கிவிட முடியும் என்றாலும், கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளில் அது முரண்டு பிடித்தால் உதவிக்கு ஆள் தேடுவது கடினம். மிச்சப்படுத்தும் பணத்தைவிட அந்த ஒரு நாள் பதற்றம் பெரிது. கணக்குக் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். கடிதம் அடிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் மட்டும் இன்னொரு கணினி இருந்தால் அதில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தினமும் காலையில் என் மேசைக் கணினி 2014ஆம் ஆண்டைக் காட்டுகிறது. வங்கித் தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி தடுக்கிறது. வைரஸ் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தேதியைத் திருத்தினால் எல்லாம் சரியாகிறது. மறுநாள் மீண்டும் அதே கதை.
— இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: வைரஸ் இல்லை, பொத்தான் பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெயரிலேயே அதன் அளவும் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அது தீர்ந்துவிட்டதால், இரவில் சுவிட்சை அணைத்ததும் கடிகாரம் நின்று, காலையில் பழைய தேதியிலிருந்து தொடங்குகிறது. வங்கித் தளம் தன்னை அடையாளம் காட்டத் தரும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2014இல் நிற்கும் உங்கள் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். ஆகவே உலாவி கதவைச் சாத்துகிறது. நியாயந்தான்.

சுவர் இணைப்பிலிருந்து கம்பியைப் பிடுங்கி, கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப்போல் மின்னுவது அதுதான். ஓரத்தில் இருக்கும் சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். முதன்முறை இயக்கும்போது எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரை வந்தால் அஞ்ச வேண்டாம். தேதியை ஒருமுறை சரிசெய்து சேமித்தால் போதும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. மதர்போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையே இந்தியாவில் உள்ள தொலைவுதான் ஐந்தரை மணி. மதர்போர்டின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கொள்ளும்படி லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் சண்டை தீரும்.

கேள்வி: தினமும் இரவில் முறையாக ஷட் டவுன் செய்கிறேன். ஆனாலும் புளூடூத் அடிக்கடி காணாமல் போகிறது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஒன்றல்ல, ரீஸ்டார்ட்தான் முழுக்க மூடித் திறப்பது. விண்டோஸ் 8இல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது உங்கள் நிரல்கள் மட்டுமே மூடப்படுகின்றன. இயங்குதளத்தின் கருப்பகுதியும், புளூடூத் போன்ற வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் அப்படியே வட்டில் உறங்கவைக்கப்பட்டு, காலையில் நேற்றைய கோளாற்றோடு எழுப்பப்படுகின்றன. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள்; நேற்றிரவு அணைத்த கணினி பதினோரு நாளாக ஓடுவதாகச் சொன்னாலும் வியப்பதற்கில்லை. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதை நிறுத்தலாம். அல்லது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒருமுறை மட்டும் முழுதாக அணையும்.

கேள்வி: விண்ணப்பத்தை அச்செடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் 1 கேபி ஷார்ட்கட்டுகளாகிவிட்டன. சான்றிதழ்களின் ஸ்கேன் படிகள் போய்விட்டனவா?
— வேலை தேடும் இளைஞர், விழுப்புரம்

பதில்: பெரும்பாலும் போயிருக்காது, ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். இவ்வகை நச்சுநிரல் உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். அதைச் சொடுக்கினால் முதலில் நச்சுநிரலும் பிறகு உங்கள் கோப்புறையும் திறக்கும். எனவே எதையும் சொடுக்காதீர்கள். பென் டிரைவின் பண்புகளைப் பாருங்கள்: பயன்படுத்திய இடம் முன்போலவே இருந்தால் கோப்புகள் உள்ளேதான் உள்ளன. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் நீக்குங்கள். சில வேளைகளில் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் குவிந்து கிடக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். லினக்ஸ் கணினி அருகில் இருந்தால் இதே வேலை இன்னும் எளிது. விண்டோஸுக்கான அந்த ஷார்ட்கட்டுகள் அங்கே வெறும் கோப்புகள், தவறிச் சொடுக்கினாலும் பொதுவாக எதுவும் ஓடாது.

ஏற்கெனவே சொடுக்கிவிட்டீர்கள் என்றால், உங்கள் கணினியையும் விண்டோஸ் டிஃபெண்டரால் முழுதாகச் சோதியுங்கள். அடுத்த முறை விண்ணப்பத்தைக் கடைக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையம் 2004இல் வெளியிட்ட மலரின் வேர்ட் கோப்பு கிடைத்தது. புதிய கணினியில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். கோப்புப் பழுதாகிவிட்டதா, விண்டோஸின் பிழையா?
— நூலகப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் இல்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றை அடுத்து ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்து வரும் இடம் ஏதேனும் தென்படுகிறதா என்று தேடுங்கள். தென்பட்டால் அது 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு பாமினி. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்துத்தான் நாம் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் இருக்கைகள் மட்டுமே தெரியும். எந்த எழுத்துரு என்பதில் ஐயமிருந்தால், எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வேர்டின் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு நிறுவப்படாதபோதும் அதன் பெயர் அங்கே நிற்கும்.

பாமினியை நிறுவினால் உடனே படிக்கலாம். ஆயினும் நாளை தேடவும் இணையத்தில் ஏற்றவும் யூனிகோடுதான் வேண்டும். அதற்குப் பொங்குதமிழ், என்.எச்.எம். போன்ற எழுத்துரு மாற்றிகள் இலவசமாக உள்ளன. மூலக் கோப்பின் ஒரு படியை எடுத்து வைத்துவிட்டு, கட்டுரை கட்டுரையாக மாற்றுங்கள். தலைப்புகளுக்கு வேறு எழுத்துரு பயன்படுத்தியிருந்தால் அவற்றைத் தனியே மாற்ற வேண்டும். இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள் ஏதேனும் இருந்தால் அந்த மாற்றிக் கருவி அவற்றையும் தமிழென்றே எண்ணி உருத்தெரியாமல் ஆக்கிவிடும். ஆகவே நன்கொடையாளர் பட்டியல், கட்டுரையாளர் முகவரி ஆகிய பக்கங்களை மட்டுமாவது அச்சுப் பிரதியோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.