ஆறு லட்சத்தில் ஒரு கணக்கு ஆசிரியரைத் தங்கவைக்க முடியுமா?

கேள்வி: நாங்கள் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2001-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். எங்கள் செட் சேர்ந்து வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் வீதம் மூன்று வருடம் பள்ளிக்குத் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு வருடத்தில் மூன்று கணக்கு ஆசிரியர்கள் வந்து போய்விட்டார்கள். இப்போது அந்த இடம் காலி. அறிவியல் டீச்சர்தான் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார். நாங்களே 20,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரைப் போடலாமா? இருக்கிற அறிவியல் ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் தங்குவார்களா? எங்களில் ஆறு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பணம் அனுப்புவதில் சிக்கல் வருமா?

பதில்: முதலில் ஒரு பாராட்டு. பழைய மாணவர்கள் பணம் சேர்த்தால் பெரும்பாலும் நுழைவாயில் வளைவு, மேடை, மின்விசிறி என்றுதான் போகும். அதிலெல்லாம் 'உபயம்' என்று எழுத இடம் இருக்கிறது. ஆசிரியர் மேல் செலவழித்தால் பெயர் எழுத இடம் கிடையாது. அது தெரிந்தும் கேட்கிறீர்கள்.

பணத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. போன மூன்று பேரின் எண்ணும் தலைமையாசிரியரிடம் இருக்கும். ஏன் போனீர்கள் என்று அவர்களையே கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் பதில் ஓரளவு யூகிக்கக் கூடியதுதான். தென் மாவட்டங்களில் பிறந்து வளர்ந்த ஆசிரியர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி என்று வடக்கே பணியமர்த்தப்படுகிறார்கள். மாறுதல் கலந்தாய்வு வந்ததும் சொந்த ஊர்ப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். வயதான அம்மாவையோ வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கும் கணவரையோ விட்டுவிட்டு வந்தவரை உங்கள் ஆறு லட்சம் நிறுத்தாது. ஆனால் மூவரில் ஒருவராவது வேறு காரணம் சொல்வார்: நல்ல வாடகை வீடு இல்லை, சாயங்கால பஸ் நம்பிக்கை இல்லை, பள்ளியில் கணக்கைப் பற்றிப் பேச ஓர் ஆள் இல்லை. இவற்றை உங்களால் சரிசெய்ய முடியும்.

அடுத்து ஊக்கத்தொகை. நேராகச் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அரசு ஆசிரியர்கள் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். பரிசு, பணம் வாங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் அன்பாக மாதம் 3,000 கொடுக்கப் போய், அவர் விளக்கக் கடிதம் எழுத நேரும்.

அப்படியானால் ஊக்கத்தொகை என்பதே வீணா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2001 முதல் மூன்று வருடம் அதைச் செய்து பார்த்தது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளிலும் தேர்ச்சி குறைந்த பள்ளிகளிலும் கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு வருடம் 1,800 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. வேலையை விட்டுப் போவது சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. இங்கிலாந்தில் பணிக்குப் புதிதாக வந்த கணக்கு, இயற்பியல் ஆசிரியர்களுக்குச் சுமார் 8 சதவீத சம்பள உயர்வுக்கு ஈடான தொகையைக் கொடுத்தபோதும் விலகல் கணிசமாகக் குறைந்தது. ஆக, பணம் வேலை செய்கிறது. ஆனால் அங்கே கொடுத்தது அரசு, அதுவும் சட்டப்படி. வட கரோலினாக் கதைக்கு ஒரு வால் உண்டு. யாருக்குக் கிடைக்கும், எதுவரை கிடைக்கும் என்பதே பல ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். உங்களுடையதும் மூன்று வருடத் திட்டம்தான், அதனால் சொல்கிறேன்.

சரி, நாமே ஓர் ஆசிரியரைப் போடலாமா என்ற கேள்விக்கு வருவோம். போடலாம், ஆனால் உங்கள் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பள்ளி மேலாண்மைக் குழு எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அது தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவித்து, தற்காலிகமாக வைக்க வேண்டும். 2022-இல் அரசே இந்த வழியில் 13,331 தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கச் சொன்னது. மாதாமாதம் மொத்தமாகத் தரும் தொகுப்பூதியம் பிறகு இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுகலை ஆசிரியருக்கு 18,000 என்று ஆனது. காலிப் பணியிடத்துக்கு அரசுப் பணத்திலேயே ஆள் வைக்க இப்போது அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் உங்கள் பணம் மிச்சம்.

நீங்கள் சொல்லும் 20,000 தொகுப்பூதியத்தை விட அதிகம்தான். ஆனாலும் நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 36,000-க்கு மேல். அகவிலைப்படி தனி. உங்களிடம் வரும் பெண்ணோ பையனோ ஒரு கண்ணை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு மேல்தான் வைத்திருப்பார். அதில் தப்பில்லை. அதைத் தெரிந்துகொண்டே ஏற்பாடு செய்யுங்கள். பி.எட். முடித்தவராக, ஆறு முதல் எட்டு வரை எடுப்பதானால் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவராக இருக்கட்டும். சம்பளம் பன்னிரண்டு மாதமும் போகட்டும். தற்காலிக ஆசிரியர்களை மே மாதம் பட்டினி போட்டுவிட்டு ஜூனில் திரும்பக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம், அதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். நிரந்தர ஆசிரியர் வந்தால் இந்த வேலை முடியும் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆனால் மூன்று மாதச் சம்பளத்தோடு முடியும் என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காகவே நல்ல ஆட்கள் வருவார்கள்.

வருகிறவரிடம் பள்ளி என்ன கேட்கிறது என்பதையும் கவனியுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியல் வரைதல், வரைபடம் இரண்டுக்கும் எட்டு எட்டு, ஆக 16 மதிப்பெண். இந்த இரண்டையும் உருப்போட வைத்து 35-ஐத் தொட வைப்பதுதான் பல பள்ளிகளில் தற்காலிக ஆசிரியரின் முழுநேர வேலை. தேர்ச்சி விகிதம் ஏறும். ஏழாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளை அப்படியே இருக்கும். உங்கள் ஆளுக்கு வாரத்தில் பாதி நேரமாவது ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் கிடைக்க வேண்டும் என்று மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் குழுவில் இடம் வந்திருக்கிறது. உள்ளூரிலேயே இருக்கிற ஒருவர் அதில் உட்காரட்டும்.

இப்போது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அறிவியல் டீச்சர். என்னைக் கேட்டால் உங்கள் பணத்தில் முதல் பங்கு போக வேண்டியது அவருக்குத்தான், கையில் பணமாக அல்ல.

நம் பள்ளிகளில் பட்டதாரி அறிவியல் ஆசிரியர் என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் இதில் ஏதோ ஒன்றில் பட்டம் பெற்றவர். ஆனால் பத்தாம் வகுப்பில் நான்கையும் அவரே எடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரைக்கு 'அறிவியலும் கணிதமும்' சேர்த்து ஓர் ஆசிரியர் இருந்தால் போதும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அதனால் உங்கள் டீச்சர் செய்வது அதிசயமான காரியம் இல்லை, மாநிலம் முழுக்க நடப்பதுதான். நான் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது, பதினைந்து வருட அனுபவம் உள்ள ஒரு விலங்கியல் டீச்சர் பயிற்சிக்கு வந்தார். ஒளியியல் பாடத்தை ஒவ்வொரு வருடமும் நோட்ஸ் எழுதிப் போட்டே கடத்திவிடுவதாகச் சொன்னார். கதிர்ப் படத்தைக் கரும்பலகையில் வரையக் கை நடுங்குமாம். அன்று மதியம் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மெழுகுவத்தி, ஒரு வெள்ளைத் தாள். சுடர் தாளில் தலைகீழாக விழுந்ததும் அவர் லென்ஸைப் பின்னால் நகர்த்தி, முன்னால் நகர்த்தி, எங்களை மறந்துவிட்டு அரை மணி நேரம் விளையாடினார். அதற்கு ஆன செலவு ஐம்பது ரூபாய்கூட இருக்காது. அதற்கு முந்தைய பதினைந்து வருடமும் அவர் வராத பயிற்சி இல்லை. வந்ததெல்லாம் பவர்பாயின்ட்.

அமெரிக்காவில் கணக்கு, அறிவியல் ஆசிரியர் தட்டுப்பாட்டைப் பல வருடம் ஆராய்ந்த ரிச்சர்ட் இங்கர்சால் என்பவர் ஒன்றைக் காட்டினார். புதிதாக ஆள் வராததைவிட, வந்தவர்கள் ஓய்வு வயதுக்கு முன்பே கிளம்புவதுதான் பெரிய ஓட்டை. புதியவர்களைத் தங்கவைத்தது எது என்று பார்த்தபோது முன்னால் நின்றவை இரண்டு: அதே பாடத்தில் ஒரு மூத்த ஆசிரியரின் துணை, அதே பாடக்காரர்களோடு சேர்ந்து திட்டமிடக் கிடைக்கும் நேரம். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒற்றை ஆளாகக் கணக்கு எடுப்பவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தமிழாசிரியர். அவரிடம் முக்கோணவியலைப் பற்றி என்ன பேச?

அதனால் பணத்தின் ஒரு பகுதியில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் ஆசிரியர் வட்டத்தை ஆரம்பியுங்கள். சுற்று வட்டாரத்து ஐந்தாறு பள்ளிகளின் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள், எட்டுப் பேர் வந்தாலே போதும். பஸ் காசு, மதியச் சாப்பாடு, வெளியிலிருந்து வருகிறவருக்கு மதிப்பூதியம், பொருள்கள் என்று வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குள் முடியும். விடுமுறைச் சனிக்கிழமையாக இருந்தால் ஓ.டி. (பணியில் இருப்பதாகக் கருதும் அனுமதி) கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு எங்கே போவது என்றால், 1965 முதல் சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் உங்கள் மாவட்டத்திலும் இருப்பார்கள். ஓய்வு பெற்ற நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் ஆரணியிலோ போளூரிலோ நிச்சயம் இருப்பார், அவர்தான் முதல் ஆள். ஒரு நிபந்தனை மட்டும்: அடுத்த மாதம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடத்தைத்தான் அந்தச் சனிக்கிழமை பேச வேண்டும். கற்பித்தல் கோட்பாடு பற்றிய உரைகளுக்கு வேறு இடம் இருக்கிறது.

இன்னொரு பங்கை உங்கள் ஊர்ப் பெண்கள் மேல் போடுங்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்க மாட்டார். பி.எட். 2015 முதல் இரண்டு வருடப் படிப்பாகிவிட்டதால் பல வீடுகளில் 'போதும்' என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி இரண்டு பேருக்குக் கட்டணமும் பஸ் பாஸும் டெட் தயாரிப்புச் செலவும் ஏற்றுக்கொள்ளுங்கள். உள்ளூரிலேயே வீடு இருப்பவருக்குக் கலந்தாய்வில் ஊர் மாறிப் போகும் அவசரம் குறைவு.

இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்காதீர்கள். அமெரிக்காவின் மத்திய அரசு 'டீச் கிராண்ட்' என்று வருடம் 4,000 டாலர் வரை தருகிறது. படித்து முடித்த எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், வசதி குறைந்த பிள்ளைகளின் பள்ளியில், தட்டுப்பாடான பாடம் எடுக்க வேண்டும். தவறினால் மானியம் வட்டியோடு கடனாகிவிடும். 2014-க்கு முன் வாங்கியவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், பத்தில் ஆறு பேருக்கு மேல் கடனாகியிருந்தது தெரிந்தது. அவர்களில் சொன்னபடி வேலை பார்த்துக்கொண்டே, வருடாந்திரப் படிவத்தைத் தாமதமாக அனுப்பியவர்களும் உண்டு. கடைசியில் அரசே இறங்கிவந்து அப்படிப்பட்டவர்களின் கடனைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு நாட்டு அரசாலேயே நடத்த முடியாத பாண்டை ஒரு வாட்ஸப் குழு நடத்தப் போகிறதா? படிக்கும் காலத்திலேயே அந்தப் பெண்களைச் சனிக்கிழமை வட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அது போதும்.

கணக்கு இப்படி வரும். தற்காலிக ஆசிரியருக்கு 2,40,000. வட்டத்துக்கு ஒரு லட்சம். பி.எட். இருவருக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்குங்கள். மீதி 1,10,000-ஐத் தொடாதீர்கள். மூன்று வருடத்தில் அது 3,30,000 ஆகும், நான்காம் வருடமும் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாம். வீட்டு விஷயத்துக்குப் பணமே வேண்டாம். ஊரில் குளியலறையோடு ஒரு நல்ல வீட்டைப் பேசி வைத்து, வருகிற ஆசிரியர் நியாயமான வாடகை கொடுத்துத் தங்கட்டும்.

பணம் வாங்கும் வழி. ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, வருமான வரித் துறையின் பதிவும், நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதியும் வாங்குங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்புறம் வருத்தம் வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடைக்காது. அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நற்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. நான் சொன்ன சேமிப்பு மீதி 15 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும் என்பதால், சேர்த்துவைப்பதற்கான படிவத்தை ஆடிட்டர் நேரத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

வெளிநாட்டு நண்பர்கள் ஆறு பேரையும் பாஸ்போர்ட் பார்த்துப் பிரியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். நேற்று ஆரம்பித்த உங்கள் அறக்கட்டளைக்கு இப்போதைக்கு அது நடக்காது. அண்ணன் கணக்கில் போட்டு, அண்ணன் நமக்குத் தருவதாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குடியுரிமை மாறிய நண்பர் இதில் சங்கடப்பட வேண்டியதில்லை. அவர் பொறியாளர் என்றால், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை வட்டத்துக்கு வரட்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலைத் தான் வேலையில் எங்கே பயன்படுத்துகிறார் என்று எட்டு ஆசிரியர்களுக்கும் காட்டட்டும். சாப்பாட்டுச் செலவை வட்டம் பார்த்துக்கொள்ளும்.